மறதி நோய் வந்த பெரியவரை மலைவீட்டில் பார்த்துக்கொள்வது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மறதி நோய் வந்த பிறகு ஏழு வருஷம் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாண்டில், கொழுந்து எடை போடுகிற இடத்தில் யாராவது ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்கிறார்கள். ஏறக்குறைய எல்லாம் அதே சந்தேகங்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் கடைசி.

வயசானா மறதி வரத்தானே செய்யும்? இதை நோய்னு எப்படிச் சொல்றது?

பெயர் மறந்து அரை மணி கழித்து ஞாபகம் வருவது வயசு. பழகிய வேலை கையை விட்டுப் போவது வேறு. எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது மறதியே இல்லை. நாற்பது வருஷம் ரசம் வைத்தவர் ஒருநாள் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றார். அப்புறம் பஸ்ஸில் சில்லறை எண்ண முடியாமல் கண்டக்டரிடம் கையை விரித்து நீட்டினார். இந்த மாதிரி மாற்றம் ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. நூறு பேரில் ஏழு பேருக்கு மேல். உங்கள் லைனிலேயே இன்னொருவர் இருப்பார், வெளியே சொல்லாமல்.

டிமென்ஷியா, அல்சைமர் ரெண்டும் ஒண்ணா?

நான் மறதி நோய் என்று சொல்வதுதான் டிமென்ஷியா. காய்ச்சல் என்கிற மாதிரி அது ஒரு பொதுப்பெயர். டைஃபாய்டும் காய்ச்சல்தான், டெங்குவும் காய்ச்சல்தான் இல்லையா? டிமென்ஷியாவில் அதிகம் வருவது அல்சைமர். மூளை ரத்தக்குழாய் அடைத்து, சின்னச் சின்ன பக்கவாதம் வந்து வருவது இன்னொரு வகை. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, நடை இறுகுவது, ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பது என்று போகும் லூயி பாடி இன்னொன்று. எந்த வகை என்று தெரிந்துகொள்வது மாத்திரைக்கு முக்கியம், கீழே சொல்கிறேன்.

குணமாகாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் டாக்டர்கிட்ட போய் என்ன பிரயோஜனம்?

அல்சைமரைக் குணமாக்க மருந்து கிடையாது, உண்மைதான். ஆனால் வந்திருப்பது அதுதான் என்று யார் சொன்னது? பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ வழுக்கி விழுந்து மண்டைக்குள் கசிந்த ரத்தம், ஏற்கெனவே சாப்பிடும் சில மாத்திரைகள் என்று எதனாலும் இதே குழப்பம் வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். நாங்கள் முதலில் போன ஒரு கிளினிக்கில் ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. "வயசாச்சும்மா" என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அத்தை ராத்திரி எழுந்து நடந்து விழுந்து, முன்பல் இரண்டு போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம். நரம்பு டாக்டருக்கும் ஸ்கேனுக்கும் கோவை போகச் சொன்னால், காலையில் வெறும் வயிற்றோடும் கூட்டிப்போகாதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம். இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துவிட்டால் டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. மாற்றுப் புடவை ஒன்று, சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரு பையில், எப்போது எது மாறியது என்று ஒரு தாள். அந்தத் தாளை டாக்டரிடம் கையில் கொடுங்கள். பெரியவர் எதிரிலேயே "இவங்களுக்குப் புத்தி சரியில்ல" என்று ஆரம்பிக்காதீர்கள், காது கேட்கும்.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், மெமான்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும். நோயை நிறுத்தாது. டோனெபெசில் ஆரம்பித்ததும் சாப்பாடு குறைந்தாலோ தலைசுற்றினாலோ டாக்டருக்கு உடனே சொல்லுங்கள்.

ரெண்டே நாள்ல ரொம்ப மோசமாயிட்டாங்க. நோய் முத்திடுச்சா?

இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகர்வது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒருவர் தலைகீழாக மாறினால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, சர்க்கரை ஏறியது அல்லது இறங்கியது, கீழே விழுந்தது. குளிர் காலத்தில் இங்கே யாருக்கும் தாகம் எடுக்காது, அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள். சளிக்கு என்று மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகூடச் சிலரைக் குழப்பிவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். தட்டி எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால் 108.

சாயங்காலம் ஆனா "வீட்டுக்குப் போகணும்"னு அழறாங்க. வீட்லதானே இருக்காங்க?

இதைக் கேட்காத குடும்பமே இல்லை. எங்கள் அத்தைக்கு வீடு என்றால் ஹட்டன். இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை கிடைத்து, எழுபதுகளில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து நீலகிரி ஏறியவர். இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் நான்கு மணிக்குப் பனிமூட்டம் இறங்கினால் போதும், கூடைக் கயிற்றைத் தேடுவார். "லயத்துக்குப் போகணும், ஆத்தா தேடும்" என்பார். லயம் என்றால் அங்கே லைன் வீடு.

முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதுதான் உங்க வீடு, உங்க ஆத்தா செத்து அம்பது வருஷம் ஆச்சு" என்று விளக்கினேன். அவர் அந்தச் செய்தியை அப்போதுதான் முதல்முறை கேட்பவர் மாதிரி அழுதார். மறுநாளும் அதையே சொன்னேன், மறுநாளும் புதிதாக அழுதார். ஒரு வாரத்தில் எனக்குப் புத்தி வந்தது. அவர் கேட்பது முகவரி இல்லை, பயம் இல்லாத ஓர் இடம்.

மூன்றரை மணிக்கே, இருட்டுவதற்கு முன்னால், எல்லா லைட்டும் போட்டுவிடுவேன். சன்னல் கண்ணாடியில் தன் முகமே நிழலாகத் தெரிந்தால் யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுவார், அதனால் திரையை இழுத்துவிடுவேன். மூன்று மணிக்கு மேல் தேநீர் கிடையாது, சூடாகக் கேழ்வரகுக் கஞ்சி. அப்புறம் "ஆத்தா என்ன சமைக்கும்?" என்று கேட்பேன். ரொட்டி, சம்பல் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் பேசுவார். பல நாள் அதோடு சரியாகிவிடும். சில நாள் ஆகாது. அப்போது கம்பளியைப் போர்த்தி, லைனைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போய்த் திரும்பி வந்து, "வந்துட்டோம்" என்பேன்.

அப்போ பொய் சொல்லலாமா? பாவமில்லையா?

என்னிடம் இதைக் கேட்டவர் ஒரு வாத்தியார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். "ஆத்தா அடுப்படியில இருக்கு" என்று நானாகச் சொன்னதில்லை. "ஆத்தாவைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான் கேட்டிருக்கிறேன். முக்கால்வாசி நேரம் பொய் தேவையே இல்லை, பேச்சைத் திருப்பினால் போதும். மீதிக் கால்வாசியில் நானும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொத்து, கையெழுத்து, ஆஸ்பத்திரி விஷயத்தில் அவரை ஏமாற்ற இதே சாக்கைச் சொல்லக் கூடாது. அது வேறு கணக்கு.

நான் அவங்க தோட்டைத் திருடிட்டேன்னு லைன் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறாங்க. எப்படிப் பொறுத்துக்கறது?

மருமகள்கள்தான் இதை அழுதுகொண்டே கேட்கிறார்கள். அவர் பொருளை ஒளித்து வைக்கிறார், ஒளித்ததை மறக்கிறார். பொருள் காணோம் என்பது மட்டும் மிச்சம். கூடவே இருப்பவர் யார்? நீங்கள்தான். பழி உங்கள் மேல் விழுவதற்குக் காரணம் அவ்வளவுதான். "நான் எடுக்கல" என்று வாதாடினால் தீராது, "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்றால் தீரும். அத்தை ஒளிக்கும் இடம் மூன்று: அரிசி டின், தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால். நல்ல நகையை எடுத்துவைத்துவிட்டுக் கவரிங் தோடு போட்டுவிட்டோம். பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே நோயைச் சொல்லிவைப்பது ரொம்ப முக்கியம். நான் தாமதமாகச் சொன்னேன். அதற்குள் இரண்டு வீட்டில் நம்பிவிட்டார்கள்.

சும்மா உக்கார வைக்கறதா, ஏதாவது வேலை கொடுக்கறதா?

கட்டாயம் கொடுங்கள். பெயரும் தேதியும் போன பிறகும் கை மறப்பதில்லை. கை பழகிய வேலையை மூளை வேறொரு இடத்தில் வைத்திருக்கிறது, அது கடைசியில்தான் அழிகிறது என்று கோவை டாக்டர் எங்களுக்குச் சொன்னார். என் பெயர் மறந்துபோன காலத்திலும் அத்தையைத் தேயிலைச் செடி முன்னால் நிறுத்தினால் இரண்டு இலை ஒரு மொட்டு பிசகாமல் கிள்ளுவார். வேகத்தில் என்னைத் தோற்கடிப்பார். முற்றல் இலை ஒன்று என் கையில் வந்தால் "கங்காணி பாத்தா திட்டுவான்" என்பார்.

செடி எல்லோருக்கும் பக்கத்தில் இருக்காது. முருங்கைக் கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, பீன்ஸ் நார் எடுப்பது, துணி மடிப்பது எதுவானாலும் சரி. காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தாவுக்கு அவர் மகன் தினமும் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொட்டிப் பெரிசு, சிறிசு பிரிக்கச் சொல்வான். ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி கலந்து வைத்துவிடுவான். தப்பாகச் செய்தால் திருத்த வேண்டாம். பூண்டோடு தோலும் சேர்ந்து வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கத்தி மட்டும் கொடுக்காதீர்கள்.

குளிக்கவே மாட்டேங்கறாங்க. நாத்தம் தாங்கல.

இந்தக் குளிரில் தினமும் குளிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வாரம் இரண்டு குளியல் போதும். மற்ற நாளில் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றையும் வெந்நீர்த் துணியால் துடைத்து ஈரம் போக ஒற்றுங்கள். பனி நாளில் மத்தியானம் வெயில் இருக்கும்போது குளிக்க வைப்பது நல்லது. சொம்பால் தலையில் ஊற்றினால் மிரண்டுவிடுவார்கள், காலில் ஆரம்பித்து மேலே வாருங்கள். நம் பாட்டிகள் பாவாடையை மார்போடு கட்டிக் குளித்தே பழகியவர்கள். உடுப்பை முழுக்க உருவினால் அடிக்கத்தான் செய்வார்கள். தண்ணீர் சூட்டை உங்கள் முழங்கையில் பார்த்த பிறகே ஊற்றுங்கள், சுட்டாலும் சொல்லத் தெரியாது.

ராத்திரி குளிருக்கு ரூம்ல கரி அடுப்பு வைக்கலாமா?

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மறதி நோய் உள்ளவர் தலைவலிக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார். இரண்டு அடுக்கு உடுப்பு, காலுறை, குல்லா, இரண்டு கம்பளி இவை போதும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரிலேயே மூடும் பழக்கமும் வேண்டும்.

கதவு திறந்திருந்தா வெளிய போயிடறாங்க. பூட்டி வைக்கலாமா?

நீங்கள் உள்ளே இருந்தால் பூட்டலாம். அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீப்பிடித்தால் என்ன ஆவது? கட்டிலில் கட்டிப் போடுவதும் கூடாது.

சமவெளியில் தொலைந்தால் தெருவில் யாராவது பார்ப்பார்கள். இங்கே பத்தடி தள்ளி சரிவு, பனிமூட்டம், காட்டெருமை, கரடி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. அதனால் தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத உயரத்தில் மாற்றுங்கள், கதவில் மணி கட்டுங்கள். சுவெட்டரின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவையுங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த புதுப் போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் முதலில் அவர் பழகிய பாதையைப் பாருங்கள். அத்தை ஒருமுறை விடியற்காலை காணாமல் போய், பிரட்டுப் போடும் இடத்தில், அதாவது காலையில் வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்தில், வரிசையில் நிற்கிற மாதிரி தனியாக நின்றிருந்தார். கால் மணி தேடியும் கிடைக்கவில்லை என்றால் 112-க்குச் சொல்லுங்கள். ஒருநாள் கழித்துத்தான் போலீஸுக்குப் போக வேண்டும் என்பது கட்டுக்கதை.

அடிக்கறாங்க, கத்தறாங்க. அடக்கி வைக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா?

முதலில் வலி இருக்கிறதா பாருங்கள். பல், மூட்டு, மலச்சிக்கல், நனைந்த துணி. திடீரென ஆரம்பித்திருந்தால் மேலே இரண்டு நாள் கேள்விக்குச் சொன்னதுதான் பதில். ஒரு வாரம் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, யார் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அது டிவி சீரியலில் கத்தும் நேரமாக இருந்தது. சீரியலை நிறுத்தியதும் பாதி கத்தல் நின்றது.

மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளை மறதி நோய் உள்ள முதியவருக்குக் கொடுத்தால் பக்கவாதமும் மரணமும் வரும் அபாயம் கூடுகிறது. லூயி பாடி வகைக்கு இன்னும் ஆபத்து, உடம்பே இறுகிவிடும். ஆளுக்கு ஆபத்து என்கிற நிலையில் டாக்டர் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

பென்ஷனுக்குக் கைரேகை விழ மாட்டேங்குது. நிலத்துப் பத்திரத்துல கையெழுத்து வாங்கலாமா?

கொழுந்து கிள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், எங்களுக்கும் அதே பாடுதான். உயிர்வாழ் சான்றை இப்போது முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார். பி.எஃப். பென்ஷனுக்கு வருஷத்தில் எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். வெயில் காலத்தில் கொடுத்துவிடுங்கள்.

பத்திரம் வேறு. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத நிலையில் போட்ட கையெழுத்து 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பவர் எழுதி வாங்கிவைத்தாலும், எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகும். உயில், வங்கியில் கூட்டுக் கணக்கு எதுவானாலும் நோய் ஆரம்பத்தில், அவருக்கே புரியும்போது, வக்கீலையும் டாக்டரையும் வைத்துச் செய்யுங்கள். நாள் தாண்டிவிட்டால் கோர்ட் வழியாகத்தான்.

அண்ணன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணி, "எங்கிட்ட நல்லாத்தானே பேசுது அம்மா"ங்கறார். என்ன செய்யறது?

பத்து நிமிஷம் போனில் எல்லோரும் நல்லாத்தான் பேசுவார்கள். சாப்டியா, மழையா, பிள்ளைங்க எப்படி என்று கேட்க ஞாபகசக்தி தேவையில்லை. விருந்தாளி வந்தாலும் ஒரு மணி நேரம் சமாளிப்பார்கள், அப்புறம் களைத்து உங்கள் மேல் பாய்வார்கள். வாதம் வேண்டாம். அண்ணனை வரவழைத்து நான்கு நாள் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுங்கள். என் கொழுந்தனார் இரண்டாம் நாள் ராத்திரியே போன் செய்தார். அந்த மாதத்திலிருந்து பணமும் வந்தது, அதைவிட முக்கியமாக, மாதம் ஒருமுறை ஆளும் வந்தார்.

எனக்கு முடியல. ஹோம்ல விட்டா பாவமா?

பாவம் இல்லை. தனியாக ஓர் ஆள் இரவு பகலாக இதைச் செய்ய முடியாது, முடியும் என்று சொல்பவர்கள் செய்யாதவர்கள். ஆனால் ஹோமுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. லைனிலேயே ஓய்வு பெற்ற ஒரு அக்காவைப் பிடித்து, தினம் இரண்டு மணி நேரம் கூட உட்காரச் சம்பளம் கொடுங்கள். மருத்துவம் படித்திருக்க வேண்டாம், பொறுமையாகக் கதை கேட்கிறவராக இருந்தால் போதும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும். படுத்துவிட்டவருக்கு வலித்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு, வருகிற பெண்ணிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. உங்கள் மனசு உடைந்தால் மனநல உதவி எண் 14416, அது பார்த்துக்கொள்பவர்களுக்கும்தான்.

ஹோம் பார்க்கப் போவதானால் சொல்லாமல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். காலையில் எல்லா ஹோமும் அழகாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டை முழுங்கவே மாட்டேங்கறாங்க. மூக்குல டியூப் போடணும்கறாங்க.

இது நோயின் கடைசிக் கட்டம் என்றால் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ, நெஞ்சில் சளி கட்டுவதைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டி வரும். தொற்று, தொண்டைப் புண் மாதிரி சரியாகக்கூடிய காரணம் இருந்தால் தற்காலிகமாகப் போடுவது வேறு. எது என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நாங்கள் போட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நிமிர்த்தி உட்கார வைத்து, தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சியாக, சின்னக் கரண்டியில், ஒன்று இறங்கிய பிறகு அடுத்தது. அப்புறம் அரை மணி படுக்க விடக் கூடாது. கடைசி மாதத்தில் தேநீரில் ஊறிய ரொட்டி நான்கு கரண்டிதான் அத்தையின் சாப்பாடு. அதில் சர்க்கரை குறைந்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

இது பரம்பரையா எங்களுக்கும் வருமா?

நேராகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வகை மிக அபூர்வம், அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை, புகை, குடி, காது கேளாமை, கண்புரை என்று நாம் கைவைக்கக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. காது மந்தமானவர்கள் மெஷின் வைத்துக்கொள்வது இதில் சேர்த்தி. என் வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. கேட்காத மாதிரி இருக்கிறார், அல்லது உண்மையிலேயே கேட்கவில்லை.